கையெழுத்துக்கு மூவாயிரம் பவுண் கொடுக்கலாமா?

தெற்கு லண்டனிலிருந்து 22 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

சென்ற கோடையில் சட்டப் பட்டப்படிப்பை 2:1 தரத்தில் (இரண்டாம் வகுப்பின் மேல்நிலை) முடித்திருக்கிறார். படித்த பல்கலைக்கழகம் பெரிய பெயர் பெற்றதல்ல. பள்ளி இறுதித் தேர்வான ஏ லெவலில் பி, பி, சி. அந்த ஆண்டு முழுவதும் அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை நடத்துகிறார். 15 வயதிலிருந்தே வார இறுதிகளில் கல்லாவில் நின்றவர் இந்தப் பெண். சொலிசிட்டர் (கட்சிக்காரர்களுக்கு ஆலோசனை தந்து வழக்குகளைக் கவனிக்கும் சட்டத்தரணி) ஆக விரும்பி, இறுதியாண்டு தொடங்கியதிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட சட்ட நிறுவனங்களுக்கு, வெக்கேஷன் ஸ்கீமுக்கும் (விடுமுறைக்காலக் குறும்பயிற்சி) டிரெயினிங் கான்ட்ராக்டுக்குமாக (இரண்டாண்டுப் பயிற்சி வேலை) விண்ணப்பித்தார். இரண்டு இடங்களில், தர்க்கச் சிந்தனையைச் சோதிக்கும் வாட்சன் கிளேசர் தேர்வு வரை போனார். நேர்முகத்துக்கு யாரும் அழைக்கவில்லை.

இப்போது அப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் ஒரு வழி சொல்கிறார். குடிவரவு வழக்குகள் பார்க்கும் சிறிய அலுவலகம் அவருடையது. அங்கே ஓராண்டு சம்பளமின்றி முழுநேரம் வேலை செய்ய வேண்டும். ‘மேற்பார்வைக் கட்டணம்’ என்று 3,000 பவுண் கொடுக்க வேண்டும். முடிவில், சொலிசிட்டர் ஆகத் தேவையான இரண்டாண்டு அனுபவம் கிடைத்தது என்று அவர் கையெழுத்திட்டுத் தருவார். “எங்கள் ஆள், நம்பலாம்” என்கிறார் அப்பா. அதோடு சொலிசிட்டர் தகுதிப் பரீட்சையான எஸ்.கியூ.ஈ.யின் பயிற்சி வகுப்பில் உடனே சேரக் கடன் வாங்கவும் தயாராக இருக்கிறார். வாசகியின் கேள்விகள் மூன்று: இதை ஏற்கலாமா? ஏ லெவல் மதிப்பெண்ணால் கதவு மூடிவிட்டதா? கடையில் வேலை செய்ததை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது சரிதானே?

அன்புள்ள வாசகிக்கு,

முதல் கேள்விக்கு விடை: வேண்டாம். மூன்றாவதற்கும் ‘இல்லை’தான். உங்களிடம் இருக்கும் உண்மையான அனுபவத்தை மறைத்து வைத்துக்கொண்டு, இல்லாத அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கப் போகிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம். ஊர்க்காரர் பதிலுக்குக் காத்திருப்பார் என்பதால் அவருடைய விஷயம் முதலில்.

கையெழுத்திடுபவர் எதைச் சொல்கிறார்?

2021 செப்டம்பரில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டர் ஆகும் வழி மாறியது. பட்டம் அல்லது அதற்கு நிகரான தகுதி, எஸ்.கியூ.ஈ. பரீட்சையின் இரண்டு பகுதிகள், இரண்டாண்டு முழுநேரத்துக்குச் சமமான தகுதிக்குரிய வேலை அனுபவம், நன்னடத்தைச் சோதனை ஆகிய நான்கும் வேண்டும். முன்பு போல ஒரே நிறுவனத்தில் டிரெயினிங் கான்ட்ராக்ட் கிடைத்தால்தான் உண்டு என்ற நிலை இல்லை. அதிகபட்சம் நான்கு இடங்களில் செய்த வேலையைச் சேர்த்துக் காட்டலாம். பாராலீகல் (சொலிசிட்டருக்குத் துணையாகச் சட்டப் பணி செய்பவர்) வேலை, சட்ட மையத்தில் தொண்டு, பல்கலைக்கழகத்தின் இலவசச் சட்ட ஆலோசனை கிளினிக் எல்லாம் இதில் அடங்கும்.

ஊர்க்காரர் கையெழுத்திட மறுத்தால் எதிர்காலமே போய்விடும் என்று அஞ்சுகிறீர்கள். கையெழுத்திடுபவர் உங்கள் திறமைக்குச் சான்று தருவதில்லை. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை செய்தார், சொலிசிட்டருக்குரிய திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்த்துக்கொள்ள வாய்ப்பு இருந்தது, நடத்தை பற்றிக் கேள்வி எழவில்லை: இவ்வளவைத்தான் அவர் உறுதி செய்கிறார். அவர் சொலிசிட்டராகவோ அந்த நிறுவனத்தின் சட்ட இணக்க அதிகாரியாகவோ இருக்க வேண்டும். நிறுவனத்தில் அப்படி யாரும் இல்லையென்றால், உங்கள் வேலையை நேரடியாக அறிந்த வெளி சொலிசிட்டர் ஒருவர் செய்யலாம்.

இங்கே ஒரு சங்கடம். ஊர்க்காரரை ‘லோயர்’ என்றே கடிதம் முழுக்கக் குறிப்பிடுகிறீர்கள். குடிவரவு ஆலோசனை அலுவலகம் நடத்துபவர் எல்லோரும் சொலிசிட்டர்கள் அல்லர். 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற பெயரில் இயங்கும் அமைப்பிடம் பதிவு பெற்ற ஆலோசகர்களும் சட்டப்படி அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். நேர்மையாகச் செய்பவர்கள் நிறையவே உண்டு. ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து உங்கள் அனுபவத்தில் கையெழுத்திட முடியாது. சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையமான எஸ்.ஆர்.ஏ.யின் இணையப் பதிவேட்டில் அவர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை, கட்டணம் இல்லை. பெயர் அதில் இல்லையென்றால் இந்தப் பேச்சே முடிந்துவிடும்.

சம்பளமில்லா ஓராண்டு

பெயர் பதிவேட்டில் இருந்தாலும் சம்பளப் பிரச்சினை தீராது. கோப்புகளைத் தயாரிப்பது, கட்சிக்காரரிடம் பேசுவது, சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன வேலையைச் செய்வது என்று இருந்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் தொழிலாளி. ‘இன்டர்ன்’ என்று அழைப்பதால் குறைந்தபட்சச் சம்பள உரிமை போய்விடாது. “சம்பளம் வேண்டாம்” என்று நீங்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. படிப்பின் கட்டாய அங்கமாக ஓராண்டுக்கு மேற்படாமல் வேலைக்குப் போகும் மாணவர்களுக்கும், அறக்கட்டளைகளில் தொண்டு செய்பவர்களுக்கும், வேலை எதுவும் செய்யாமல் பார்த்துக் கற்றுக்கொள்ள மட்டும் போகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. நீங்கள் பட்டம் முடித்துவிட்டீர்கள். அவருடைய அலுவலகம் அறக்கட்டளையும் இல்லை.

21 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த சம்பளம் மணிக்கு 12.21 பவுண், ஒவ்வோர் ஏப்ரலிலும் இது மாறும். அந்தக் கணக்கிலேயே கிழமைக்கு 35 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 22,000 பவுணுக்குச் சற்று மேல் வரும். அவ்வளவு உழைப்பையும் கொடுத்து, கையில் 3,000 பவுணையும் கொடுக்கப் போகிறீர்கள். (அப்பாவின் கடையில் இத்தனை ஆண்டு நின்றதற்குச் சம்பளம் கேட்கலாமா என்று தம்பி கேட்டால், பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழும் பிள்ளை குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஊர்க்காரர்களுக்கு அந்த விலக்கு இல்லை.)

இதைவிடப் பெரிய ஆபத்து, ஓராண்டை இரண்டாண்டு என்று எழுதுவது. இதில் நீங்கள் ஏமாற்றப்படும் அப்பாவி என்ற நிலை இருக்காது. அந்தப் பதிவை எஸ்.ஆர்.ஏ.யிடம் சமர்ப்பிப்பது நீங்கள், பொய் உங்களுடையது. சொலிசிட்டர்கள் பட்டியலில் சேரும்போது நடக்கும் நன்னடத்தைச் சோதனையில் பிடிபட்டால் அனுமதி மறுக்கப்படலாம். பத்தாண்டு கழித்து வெளிவந்தாலும் கேள்வி அதேதான். நேர்மையின்மை நிரூபிக்கப்பட்டால் பெயரை நீக்குவதே வழக்கம் என்பதில் இந்த நாட்டு நீதிமன்றங்கள் போல்டன் வழக்கிலிருந்து முப்பதாண்டுகளுக்கும் மேலாக உறுதியாக நிற்கின்றன. வழக்கில் தோற்ற சொலிசிட்டர் மறுநாள் அலுவலகம் போகலாம். பொய் சொன்னவர் போக முடியாது.

இன்னொன்று: உங்கள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் ஒரே பொய்யின் கீழ் இருக்கும்வரை அவரிடமிருந்து நீங்கள் விடுபட முடியாது. உறவும் ஊரும் கலந்த இடத்தில் இது எவ்வளவு தூரம் இழுக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடையை ஏன் மறைத்தீர்கள்?

நீங்கள் அனுப்பிய மாதிரி விண்ணப்பத்தைப் படித்தேன். “உலகெங்கும் கிளைகள் கொண்ட, ஒத்துழைப்புப் பண்பாடு மிக்க உங்கள் நிறுவனத்தில்” என்று தொடங்குகிறது. நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் அந்தப் பத்தி அப்படியே நிற்கிறது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கும் தேர்வுக்குழுவினருக்கு இது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வேலை அனுபவம் என்ற பகுதியில் ஒரு சட்ட நிறுவனம் நடத்திய ஒருநாள் திறந்த நிகழ்ச்சியையும் இரண்டு இணையவழிப் பயிற்சிகளையும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டு கடை வேலையைக் காணோம்.

ஆனால் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று விளக்கும் இடத்தில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கடை லீஸ் முடியப்போகிறது என்று கட்டட உரிமையாளர் அனுப்பிய நோட்டீஸை அப்பாவுக்குப் படித்துச் சொன்னதும், சொலிசிட்டரைத் தேடிப் பிடித்ததும், அவர் சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதை அவருக்கும் மாற்றிச் சொன்னதும் நீங்கள்தான். அப்போது உங்களுக்கு வயது 17. எனக்கு அந்த வரியில் கண் நின்றுவிட்டது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 1954ஆம் ஆண்டு நிலவுடைமையாளர் குத்தகைதாரர் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி வந்த நோட்டீஸ். வணிகக் குத்தகைதாரருக்கு அந்தச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நோட்டீஸில் குறித்த நாளுக்குள் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்காவிட்டால், அல்லது அந்த நாளைத் தள்ளிவைக்க இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், பாதுகாப்பு போய்விடும். அந்தக் காகிதத்தைச் சாதாரணக் கடிதம் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கடையை இழந்தவர்கள் நம்மவரிலேயே இருக்கிறார்கள். நீங்கள் போடவிடவில்லை.

நிறுவனங்கள் ‘வணிக விழிப்புணர்வு’ என்று கேட்பதும் இதைத்தான். பலர் அதற்காக நிதிச் செய்தித்தாளிலிருந்து ஒரு பெரிய கம்பனி இணைப்பை எடுத்து மனப்பாடமாக எழுதுகிறார்கள். மொத்த வியாபாரி கடனுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைந்தால் கடையில் என்ன நடக்கும், வாடகை மறுநிர்ணயம் வந்தால் எந்தச் செலவை முதலில் வெட்டுவார்கள், மது விற்பனை உரிமத்தில் ஒரு நிபந்தனை கூடினால் இரவு வியாபாரம் என்னவாகும், வயது கேட்டதற்காகச் சண்டைக்கு வரும் வாடிக்கையாளரை எப்படி அனுப்புவது: இவை உங்களுக்குத் தெரியும். ஒரு நிறுவனத்தின் சொத்துப் பிரிவு கடைத்தெரு உரிமையாளர்களுக்காக வேலை செய்கிறது என்றால், “நீங்கள் அனுப்பும் நோட்டீஸைப் பிரித்துப் படிக்கும் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்” என்று எழுதக்கூடியவர் நீங்கள். அந்த நிறுவனம் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை என்னால் எழுதித் தர முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். கதையை இரக்கம் கோரும் தொனியில் எழுதாதீர்கள். என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், விளைவு என்ன என்று எழுதினால் போதும். அப்பாவின் வழக்கு விவரங்களையும் வாடகைத் தொகையையும் எழுத வேண்டாம். இரகசியம் காக்கத் தெரிந்தவரா என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே பார்ப்பார்கள்.

முப்பது விண்ணப்பங்களும் வேண்டாம். எட்டோ பத்தோ போதும். ஒவ்வொன்றுக்கும் முன்பு அந்த நிறுவனத்தில் இப்போது பயிற்சியில் இருக்கும் ஒருவரிடமாவது பேசிப் பாருங்கள். வாட்சன் கிளேசர் தேர்வுக்குப் பயிற்சித் தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கொடுத்த பத்தியில் இருப்பதை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும் என்பதை மறந்து, சொந்த அறிவைக் கலப்பவர்கள்தான் அதில் பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள்.

பி, பி, சி

லண்டனின் நிதி மையமான ‘சிட்டி’யில் இருக்கும் சில நகர நிறுவனங்கள் ஏ லெவலில் இன்ன மதிப்பெண் வேண்டும் என்று இன்னும் கேட்கின்றன. எல்லாம் அப்படியில்லை. நிறைய நிறுவனங்கள் ரேர் என்ற அமைப்பின் சூழல்சார் தேர்வு முறையைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் படித்த பள்ளியின் சராசரி என்ன, இலவசப் பள்ளி உணவு பெற்றீர்களா, குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவரா என்ற கேள்விகளை வைத்து உங்கள் மதிப்பெண்ணை எடைபோடும் முறை அது. அந்தக் கேள்விகளை எல்லாம் ‘சொல்ல விரும்பவில்லை’ என்று விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கூச்சம் புரிகிறது. ஆனால் அவற்றை நிரப்பாதவருக்கு அந்த முறையால் பயனில்லை. அம்மாவின் நோயைப் பற்றித் தணிப்புச் சூழ்நிலைகள் (மதிப்பெண்ணைப் பாதித்த காரணங்கள்) என்ற பெட்டியில் நான்கு வரி எழுதுங்கள்: எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, வாரத்தில் எத்தனை நாள் மருத்துவமனை, பள்ளிக்குத் தெரியுமா, அதன்பின் உங்கள் மதிப்பெண் எப்படி உயர்ந்தது. பள்ளியிடமோ மருத்துவமனையிடமோ ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நகர நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாண்டு முன்கூட்டியே ஆள் எடுக்கின்றன. விண்ணப்பங்கள் பெரும்பாலும் செப்டம்பரில் திறந்து டிசம்பர், ஜனவரியில் மூடிவிடும். சில இடங்களில் வரும் வரிசையிலேயே பார்ப்பதால் கடைசி நாள்வரை காத்திருப்பது நட்டம். வெக்கேஷன் ஸ்கீம் மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்து இந்த ஆண்டு அதை விட்டுவிட்டீர்கள். பட்டதாரிகளையும் எடுக்கும் நிறுவனங்கள் பல உண்டு. நகரத்துக்கு வெளியேயும் பாருங்கள். அரசுச் சட்டத்துறையும் முடியரசு வழக்குத்தொடுப்புத் துறையும் பயிற்சியாளர்களை எடுக்கின்றன. உள்ளூராட்சி மன்றங்கள் எடுக்கின்றன. வீட்டுவசதி, குடிவரவு, நலன்புரி உதவி போன்ற துறைகளில் ஆர்வம் இருந்தால் அத்துறைகளில் சொலிசிட்டர் பயிற்சி தரும் ஜஸ்டிஸ் ஃபர்ஸ்ட் ஃபெலோஷிப் என்ற திட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை சம்பளம் தரும் பாராலீகல் வேலை எதுவானாலும் நல்லது. அது செலவுக்கும் ஆகும், தகுதிக்குரிய அனுபவத்திலும் சேரும்.

தம்பி ஏ லெவல் படிப்பதாகச் சொன்னீர்கள். சட்டத்தில் விருப்பம் இருந்தால் சொலிசிட்டர் அப்ரென்டிஸ்ஷிப் பற்றி அவர் இப்போதே விசாரிக்கட்டும். ஆறு ஆண்டு சம்பளத்தோடு வேலை, பட்டக் கட்டணம் கிடையாது. 2026 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேர்வோரில் பெரும்பாலும் 16 முதல் 21 வயது வரையானவர்களுக்கே அரசு நிதி என்பதால் உங்களுக்கு அந்த வழி கடினம்.

கடன் வாங்கி எஸ்.கியூ.ஈ. எழுதுவது

அவசரப்பட வேண்டாம். பரீட்சைக் கட்டணம் மட்டும் இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஏறக்குறைய 5,000 பவுண் ஆகிறது. பயிற்சி வகுப்புக்குப் பல ஆயிரம் தனி. முதல் பகுதியில் 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள். எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் தேறுகிறார்கள். ஆறு ஆண்டுக்குள் மூன்று முயற்சிகள் மட்டுமே உண்டு. அப்பா கடன் வாங்கி, நீங்கள் கவலையோடு எழுதி, ஒரு முயற்சியை வீணாக்குவதில் அர்த்தமில்லை. டிரெயினிங் கான்ட்ராக்ட் தரும் பெரிய நிறுவனங்கள் இந்தச் செலவை ஏற்று, படிக்கும் காலத்துக்குக் கைச்செலவுப் பணமும் தருகின்றன. ஒரு விண்ணப்பப் பருவத்தை ஒழுங்காக முயன்று பாருங்கள். அதன் பிறகும் சொந்தச் செலவில்தான் எழுத வேண்டும் என்றால், முதுகலைப் பட்டத்தோடு இணைந்த பயிற்சிக்கு அரசின் முதுகலைக் கடன் கிடைக்குமா என்று பாருங்கள். அப்பா கடன் வாங்கும் பேச்சுக்கு முன்னால் வரவேண்டிய பேச்சு அது. பாராலீகலாக வேலை செய்யும்போது கட்டணத்தை ஏற்கும் நிறுவனங்களும் உண்டு. வேலையில் சேரும்போதே கேட்பதில் தவறில்லை.

ஊர்க்காரரிடம் எப்படிச் சொல்வது?

சண்டை தேவையில்லை. அப்பாவை இடையில் வைத்துப் பேசாமல் நீங்களே சொல்லுங்கள்: “அங்கிள், உதவ முன்வந்ததற்கு நன்றி. செய்த நாட்களுக்கு மட்டும்தான் என்னால் பதிவு காட்ட முடியும். சம்பளத்தோடு பகுதிநேர வேலை இருந்தால் சந்தோஷமாக வருகிறேன்.” அவர் பதிவேட்டில் உள்ள சொலிசிட்டராக இருந்து, இதற்கு ஒப்புக்கொண்டால், அது நல்ல வேலைதான், குடிவரவுச் சட்டத்தில் தமிழ் தெரிந்த பாராலீகலின் மதிப்பு அவருக்கும் தெரியும். மறுத்தால், அவருக்கு உங்களிடம் என்ன தேவைப்பட்டது என்று அப்பாவுக்கே விளங்கும். 3,000 பவுணில் முற்பணம் ஏதாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால், திரும்பக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், பதிலையும் வைத்திருங்கள். இனி யாராவது உங்களைச் சம்பளமின்றி வேலை வாங்கினால், வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏக்காஸ் அமைப்பின் உதவி எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை அமல்படுத்தும் அரசு அமைப்பிடம் புகாரும் செய்யலாம்.

கடைசியாக, இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் புதன்கிழமை மாலைகளில் பல்கலைக்கழக கிளினிக்கில் வீட்டு வாடகைப் பிரச்சினைகள் பார்த்ததாக அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள். கட்சிக்காரரை நேர்காணல் செய்தீர்கள், சொலிசிட்டரின் மேற்பார்வையில் கடிதம் வரைந்தீர்கள். அது தகுதிக்குரிய அனுபவமாகச் சேரக்கூடியது. கிழமைக்கு ஒரு மாலை என்பதால் அதன் விகிதத்தில்தான் கணக்கு வரும், சில கிழமைகளுக்கு மேல் தேறாது. நான்கு இடங்கள் என்ற வரம்பில் அது ஓரிடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், சேர்ப்பதா வேண்டாமா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் எந்தெந்தத் தேதிகள், என்ன மாதிரியான வழக்குகள், நீங்கள் செய்தது என்ன என்பதைக் கட்சிக்காரர் பெயர் இல்லாமல் இந்தக் கிழமையே எழுதி, அன்று மேற்பார்வை செய்த சொலிசிட்டருக்கு அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். கிளினிக் மேற்பார்வையாளர்கள் அடிக்கடி வேலை மாறுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவரைத் தேடுவது, இன்று மின்னஞ்சல் அனுப்புவதைவிடக் கடினம்.